ஃபிளாட்டை விற்று முடித்த பின் வந்த சொலிசிட்டர் பில்: எதைக் கட்டுவது, எதைக் கேள்வி கேட்பது?

இல்ஃபோர்டுவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இல்ஃபோர்டில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் எங்களுக்கு இருந்த லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) ஃபிளாட்டை விற்றோம். 2025 மார்ச் 28 அன்று கம்ப்ளீஷன், அதாவது பணமும் உரிமையும் கைமாறி விற்பனை முடிவது, நடந்தது. அன்றே வங்கிக் கடன் அடைபட்டது. விற்பனையைக் கையாண்ட எங்கள் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) தம் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை எங்கள் கணக்கில் செலுத்தினார். கணக்கு முடிப்புப் பட்டியலுடன் வந்த பில்லின் தலைப்பிலேயே "இறுதி பில்" என்று இருந்தது. ஆகவே எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் இருந்தோம்.

ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அதே நிறுவனம் 1,308.40 பவுண்டு கேட்டு ஒரே பக்கத்தில் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதில் நான்கு வரிகள் உள்ளன. கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஆவணங்களைக் கையாண்ட கூடுதல் வேலைக்கு 350 பவுண்டும் வாட் வரி 70 பவுண்டும். நிறுத்திவைத்த தொகை தொடர்பான கடிதப் போக்குவரத்துக்கு 150 பவுண்டும் வாட் 30 பவுண்டும். கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் கூடுதல் கேள்விகளுக்குப் பதில் சொன்னதற்காக 96 பவுண்டு. கடைசியாக, 2024ஆம் ஆண்டின் சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) பற்றாக்குறை என்று 612.40 பவுண்டு. பதினான்கு நாள்களுக்குள் கட்டாவிட்டால் கவுன்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்படும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

விற்பனையின்போது, வாங்குபவரின் சொலிசிட்டர் சர்வீஸ் சார்ஜுக்காக எங்கள் பணத்திலிருந்து 500 பவுண்டை நிறுத்திவைத்தார். அந்தத் தொகையைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இதில் எது நாங்கள் கட்டவேண்டியது, எதை மறுக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பத்திரக்கட்டு எழுதியது:

வணக்கம் இல்ஃபோர்டுவாசி. நான் லண்டனில் வீட்டு விற்பனைப் பத்திர வேலை செய்யும் அலுவலகங்களில் பல காலம் உதவியாளராக இருந்தவன். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் முறை வேறு.

முதலில், இந்த நான்கு வரிகளும் ஒரே கடிதத்தில் வந்தாலும் ஒரே வகைப் பணம் அல்ல என்பதைப் பாருங்கள். முதல் இரண்டும் சொலிசிட்டர் தம் உழைப்புக்குக் கேட்கும் கூலி. மற்ற இரண்டும் அவர் கை வழியாகப் பிறருக்குப் போகவேண்டிய பணம். கூலியைக் கேட்கும் உரிமை, நீங்கள் அவரை நியமித்தபோது கையெழுத்திட்ட நிபந்தனைக் கடிதத்திலிருந்து வருகிறது. சர்வீஸ் சார்ஜ் பற்றாக்குறையைக் கேட்கும் உரிமை, வாங்கியவருடன் நீங்கள் செய்துகொண்ட விற்பனை ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அதில் உங்கள் சொலிசிட்டருக்குச் சொந்த உரிமை எதுவும் கிடையாது. மொத்தத் தொகையைப் பார்த்து மொத்தமாகக் கட்டுபவர்களும் உண்டு, மொத்தமாக மறுப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இப்போதைக்கு எதையும் கட்டாமல், ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

பதினான்கு நாள் கெடுவைக் கண்டு கலங்க வேண்டாம். 1974ஆம் ஆண்டின் சொலிசிட்டர்கள் சட்டம் 69ஆம் பிரிவின்படி, முறைப்படி கையெழுத்திட்ட பில்லை வாடிக்கையாளரிடம் சேர்ப்பித்து ஒரு மாதம் கழியும் வரை, சில விதிவிலக்குகள் தவிர, கட்டணத்துக்காக வழக்குப் போட முடியாது. நீங்கள் விவரிக்கும் ஒரு பக்கக் கடிதம் அந்தச் சட்டத்தின்படி பில் ஆகுமா என்பதே கேள்விக்குரியது. ஆனாலும் கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் அந்த ஒரு மாதம் உங்களுக்கும் முக்கியமானது. 70ஆம் பிரிவின்படி, பில் வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அதை நீதிமன்றம் ஆய்வு செய்தே தீரவேண்டும். அதன் பிறகு விண்ணப்பித்தால் ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம்.

தேம்ஸ்கரை எழுதியது:

பத்திரக்கட்டு சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் சொலிசிட்டர் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்லவேண்டும். நான் 2023இல் இதே போன்ற உயரமான கட்டடத்தில் ஒரு ஃபிளாட் விற்றேன். 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பதினொரு மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களில், 2022 பிப்ரவரி 14 அன்று அந்த ஃபிளாட் யாரிடம் இருந்தது, அதுவே அவருடைய முதன்மை வீடா, அவருக்கு வேறு எத்தனை வீடுகள் இருந்தன என்பதையெல்லாம் உறுதிசெய்யும் சான்றுப் பத்திரம் ஒன்றை லீஸ் வைத்திருப்பவர் எழுதித் தரவேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக நிலவுடைமையாளர் தரப்பிலிருந்து இன்னொரு சான்றிதழ் வரவேண்டும். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கிகள் பலவும் இரண்டையும் பார்க்காமல் பணம் விடுவிப்பதில்லை. என் விற்பனையில் நிலவுடைமையாளர் சான்றிதழ் வருவதற்குள் வாங்குபவரின் கடன் அனுமதியே காலாவதியாகும் நிலைக்கு வந்தது. என் சொலிசிட்டர் வாரந்தோறும் துரத்திக் கடிதம் எழுதினார். நிலையான கட்டணம் பேசி வேலையை எடுத்தவர் இத்தனை உழைப்பையும் இலவசமாகத் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையா?

பத்திரக்கட்டு எழுதியது:

தேம்ஸ்கரை, உழைப்பு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்தச் சான்றிதழுக்காக நிலவுடைமையாளர்களைத் துரத்தியவன் நானும்தான். விற்கப் போகிறோம் என்று தெரிவித்த நான்கு வாரங்களுக்குள் அவர்கள் அதைத் தரவேண்டும் என்று விதி இருந்தும், எங்கள் மேசைக்கு அது அந்தக் காலத்துக்குள் வந்து சேர்ந்தது அரிது. பல அலுவலகங்கள் இந்த வேலையையே ஏற்பதில்லை. ஏற்பவர்கள் தனிக்கட்டணம் கேட்பது நியாயமே.

கேள்வி, அதை எப்போது சொன்னார்கள் என்பதுதான். கட்டடம் ஆறு மாடி என்பது, கட்டண மதிப்பீடு கேட்டு முதல் மின்னஞ்சல் போன அன்றே தெரிந்த செய்தி. அந்த வேலை வரும் என்று அன்றே கணிக்க முடியும். சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பின் நடத்தை விதி 8.7, வேலை எப்படி விலையிடப்படும் என்பதையும் மொத்தச் செலவு எவ்வளவு ஆகக்கூடும் என்பதையும், நியமிக்கும்போதும் வேலை நகர நகரத் தேவையான கட்டங்களிலும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. 2018 டிசம்பர் முதல், வீட்டு விற்பனை வேலைக்கான கட்டணங்களை இணையதளத்திலேயே வெளியிடவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பிப்ரவரியில் 350 பவுண்டு கூடுதலாகும் என்று ஒரு வரி எழுதியிருந்தால், இல்ஃபோர்டுவாசி சம்மதித்திருப்பார், அல்லது வேறு வழி பார்த்திருப்பார். விற்பனை முடிந்து, பேரம் பேசவே இடமில்லாத நிலையில், நான்கு மாதம் கழித்துச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. வாடிக்கையாளர் தம் நம்பிக்கையின் பேரில் எல்லாப் பணத்தையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும் தொழில் இது. விலையை முன்கூட்டிச் சொல்வது அந்த நம்பிக்கைக்குக் காட்டவேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

இன்னொன்று. ஒரு வேலைக்கு முறையான இறுதி பில் கொடுத்துவிட்ட சொலிசிட்டர், வாடிக்கையாளரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பெரிய பில்லாக மாற்ற முடியாது. மார்ச் வரை செய்த வேலைக்கு மார்ச்சிலேயே இறுதி பில் கொடுத்தாகிவிட்டது. எனவே முதல் வரி மிகவும் பலவீனமானது. நிறுத்திவைத்த தொகை பற்றிய கடிதப் போக்குவரத்து கம்ப்ளீஷனுக்குப் பிறகு நடந்த வேலை என்பதால், அதைத் தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

வெண்பனி எழுதியது:

நான் வழக்கறிஞர் இல்லை. எங்கள் கட்டடத்தில் குடியிருப்போர் சங்கக் கணக்கைப் பார்ப்பவள் என்பதால், அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தொகையிலும் அதுதான் பெரியது.

சர்வீஸ் சார்ஜ் என்பது ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மதிப்பீட்டின் பேரில் முன்பணமாக வாங்கப்படுவது. ஆண்டு முடிந்து கணக்கு தணிக்கையாகி வரும்போது, செலவு கூடுதலாக இருந்தால் பற்றாக்குறையைக் கேட்பார்கள். குறைவாக இருந்தால் வரவு வைப்பார்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கு 2025 கோடையில்தான் வெளிவந்திருக்கும். அப்போது லீஸ் உங்கள் பெயரில் இல்லாததால் கோரிக்கை புதிய உரிமையாளருக்குப் போயிருக்கும். அவர் கட்டிவிட்டு, விற்பனை ஒப்பந்தத்தின்படி உங்களிடம் திரும்பக் கேட்கிறார். 2024 முழுவதும் ஃபிளாட் உங்களுடையது என்பதால் அந்த ஆண்டின் பற்றாக்குறையை நீங்கள் ஏற்பது நியாயம்தான், அண்ணா. ஆனால் நிறுத்திவைத்த 500 பவுண்டு இதற்காகவே எடுத்துவைத்த பணம். அதைக் கழித்தால் மிஞ்சுவது 112.40 பவுண்டுதான். முழுத் தொகையையும் நீங்கள் மறுபடி கட்டினால், அந்த 500 பவுண்டைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அது வாங்கியவரின் சொலிசிட்டருடைய கணக்கில் அப்படியே கிடக்கும்.

கட்டுவதற்கு முன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: தணிக்கை செய்த 2024 கணக்கு, புதிய உரிமையாளருக்கு வந்த கோரிக்கைக் கடிதத்தின் நகல், அவர் கட்டியதற்கான ரசீது. கோரிக்கைக் கடிதத்துடன், குடியிருப்பவரின் உரிமைகளையும் கடமைகளையும் சுருக்கிச் சொல்லும் சட்டப்படியான தாள் இணைந்திருக்கவேண்டும். அது இல்லாமல் வந்த கோரிக்கைக்குப் பணம் கட்டாமல் நிறுத்திவைக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. 1985ஆம் ஆண்டின் நிலவுடைமையாளர், குத்தகைதாரர் சட்டத்தின் 20பி பிரிவும் இருக்கிறது: செலவு ஏற்பட்டுப் பதினெட்டு மாதங்களுக்குள் கோரிக்கையோ எழுத்துப்பூர்வமான முன்னறிவிப்போ வராவிட்டால், அந்தச் செலவை வசூலிக்க முடியாது. உங்கள் விஷயத்தில் அது பெரிதாகக் கைகொடுக்காது, ஏனென்றால் 2024இன் செலவுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் காலத்துக்குள் வந்துவிடும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துத் தாமதமாக வெளியிடும் ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் மாட்டியவர்கள் இந்தப் பிரிவை அறிந்திருக்கவேண்டும்.

இல்ஃபோர்டுவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. வெண்பனி சகோதரி சொன்ன 500 பவுண்டுக் கணக்கு தெளிவாகப் புரிந்தது.

நிபந்தனைக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். எட்டுப் பக்கங்கள். முதல் பக்கத்தில் நிலையான கட்டணம் 1,150 பவுண்டும் வாட் வரியும் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில், வழக்கமான விற்பனைக்கு மேற்பட்ட வேலை ஏற்பட்டால் மணிக்கு 240 பவுண்டு வீதம் கட்டணம் வரும், அப்படி வரும்போது வேலையைத் தொடங்கும் முன் உங்களுக்கு எழுத்தில் தெரிவிப்போம் என்று ஒரு பத்தி. கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "நேரக்கூடிய கூடுதல் கட்டணங்கள்" என்று ஓர் அட்டவணை. அதில், கம்ப்ளீஷனுக்குப் பின் நிறுத்திவைப்புத் தொகையைத் தீர்ப்பதற்கு 150 பவுண்டும் வாட்டும் என்ற வரி இருக்கிறது. கட்டடப் பாதுகாப்பு ஆவணங்கள் பற்றி அந்த அட்டவணையில் எதுவும் இல்லை. மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்; அந்த வேலைக்குத் தனிக்கட்டணம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பத்திரக்கட்டு எழுதியது:

உங்கள் பதில் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. 150 பவுண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். எழுத்து சிறியதாக இருந்தாலும் தொகை குறிப்பிட்டிருக்கிறது, வேலையும் கம்ப்ளீஷனுக்குப் பிறகு நடந்தது. அதை மறுக்க நான் சொல்லமாட்டேன். 350 பவுண்டு விஷயத்தில் அவர்களே எழுதிய ஐந்தாம் பக்கப் பத்தி உங்கள் பக்கம் நிற்கிறது: தொடங்கும் முன் தெரிவிப்போம் என்றார்கள், தெரிவிக்கவில்லை.

ஏஜென்ட்டின் 96 பவுண்டுக்கு மூல இன்வாய்ஸைக் கேளுங்கள். வாங்குபவரின் சொலிசிட்டர்கள் லீஸ் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான எல்.பி.இ.1 படிவத்தை நிரப்பித் தருவதற்கு ஏஜென்ட் ஒரு தொகை வாங்கியிருப்பார். அதை நீங்கள் முன்பே கட்டியிருப்பீர்கள். இது அதன்மேல் எழுந்த துணைக் கேள்விகளுக்கானதாக இருக்கும். லீஸ் தொடர்பாகத் தகவல் தருவதற்கு நிலவுடைமையாளர் தரப்பு வாங்கும் கட்டணம், 2002ஆம் ஆண்டின் காமன்ஹோல்டு, லீஸ்ஹோல்டு சீர்திருத்தச் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணைப்படி நியாயமான அளவில்தான் இருக்கலாம். அளவு மீறினால் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 96 பவுண்டுக்காக அங்கே போவது உங்களுக்குக் கட்டுபடியாகாது. இன்வாய்ஸ் உண்மையில் இருக்கிறதா, அந்தத் தொகை ஏற்கெனவே மார்ச் பட்டியலில் கழிக்கப்பட்டுவிட்டதா என்று மட்டும் பாருங்கள். ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை கணக்கில் ஏறியதை அலுவலகத்தில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் "முறையீடு" என்று தலைப்பிட்டு, அந்த நிறுவனத்தின் முறையீட்டு அலுவலருக்கு அனுப்புங்கள். வேலையைச் செய்தவருக்கு அனுப்பும் சாதாரண மின்னஞ்சல் இழுத்தடிக்கப்படும். முறையீடு என்று பதிவானால் எட்டு வாரக் காலக்கெடு ஓடத் தொடங்கும். அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டாலோ, கிடைத்த இறுதிப் பதில் திருப்தியில்லை என்றாலோ, சட்டச் சேவை பற்றிய முறையீடுகளை விசாரிக்கும், பர்மிங்ஹாமில் உள்ள லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். நமக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இறுதிப் பதில் வந்த ஆறு மாதங்களுக்குள் போகவேண்டும். 2023 ஏப்ரல் முதல் இன்னொரு வரம்பும் உண்டு: பிரச்சினை நடந்ததிலிருந்தோ, அது நமக்குத் தெரிந்திருக்கவேண்டிய நாளிலிருந்தோ ஓராண்டுக்குள் அவர்களிடம் சேரவேண்டும். கட்டணத்தைக் குறைக்க உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

70ஆம் பிரிவு வழியிலான நீதிமன்ற ஆய்வு இதைவிடக் கனமானது. பில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்கப்பட்டால் ஆய்வுச் செலவு சொலிசிட்டர் தலையில் விழும். அவ்வளவு குறையாவிட்டால் பொதுவாக நம் தலையில் விழும். சில நூறு பவுண்டுக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கோடைமழை எழுதியது:

நாங்கள் குரோய்டனில் உள்ள ஃபிளாட்டை இந்த ஆண்டு விற்கப் போகிறோம். எங்களுடையவர் சொலிசிட்டர் இல்லை, வீட்டுப் பத்திர வேலைக்கு உரிமம் பெற்ற லைசென்ஸ்டு கன்வேயன்சர். இதெல்லாம் அவருக்கும் பொருந்துமா? நிறுத்திவைப்புத் தொகை விஷயத்தில் முன்கூட்டியே என்ன செய்துகொள்ளலாம்?

பத்திரக்கட்டு எழுதியது:

ஆம்புட்ஸ்மன் வழி அவர்களுக்கும் பொருந்தும். ஒழுங்குபடுத்தும் அமைப்பு வேறு, அதன் பெயர் சுருக்கமாக சி.எல்.சி. நான் சொன்ன 69, 70ஆம் பிரிவுகள் சொலிசிட்டர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை நம்பி இருக்கவேண்டாம்.

நிறுத்திவைப்புத் தொகையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தத் தொடங்கும் கட்டத்துக்கு, முன்பு. அதற்குப் பிறகு உங்கள் கையில் பிடி இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு தனி நிபந்தனையாக, எந்த ஆண்டின் கணக்குக்காக எவ்வளவு நிறுத்தப்படுகிறது, கணக்கு இன்ன தேதிக்குள் வராவிட்டால் பணம் விற்பவருக்குத் திரும்பும், உங்கள் பொறுப்பு அந்தத் தொகையோடு முடிந்துவிடும் என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நிறுத்திவைத்த தொகைதான் உச்சவரம்பு என்று எழுதாவிட்டால், பற்றாக்குறை அதற்கு மேல் போகும்போது மிச்சத்தையும் நீங்களே தரவேண்டியிருக்கும், இல்ஃபோர்டுவாசிக்கு 112.40 பவுண்டு நிற்பது அதனால்தான். வாங்குபவர் தரப்பு மூன்றுக்கும் எளிதில் ஒத்துக்கொள்ளாது; தேதி வரம்பையாவது வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு மூடப்பட்டுக் கிடங்குக்குப் போய்விடும், பணம் யாரும் கேட்காமல் கிடக்கும். கணக்கு தீர்ந்து மீதி உங்கள் தரப்புக்கு வரும்போது, பில்லோ எழுத்துப்பூர்வமான கட்டண அறிவிப்போ முதலில் தராமல் அதிலிருந்து தம் கட்டணத்தை எடுத்துக்கொள்ள சொலிசிட்டருக்கு உரிமை இல்லை, எஸ்.ஆர்.ஏ.யின் கணக்கு விதி 4.3 அப்படித்தான் சொல்கிறது.

தேம்ஸ்கரை எழுதியது:

ஐந்தாம் பக்கத்துப் பத்தியைப் படித்தபின் அந்த 350 பவுண்டு விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். தாமே எழுதிக்கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டியது அவர்கள் கடமை. கோடைமழை அவர்களுக்கு ஒன்று: கட்டடம் ஐந்து மாடிக்குக் குறையாது என்றால், கட்டண மதிப்பீடு கேட்கும்போதே பாதுகாப்புச் சான்று வேலை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்த விலை சொன்னவரையும் கூடுதல் விலை சொன்னவரையும் அப்போதுதான் சரியாக ஒப்பிட முடியும்.

இல்ஃபோர்டுவாசி எழுதியது:

முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது. 350 பவுண்டுக்கும் அதன் வாட்டுக்குமான கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முன்கூட்டித் தெரிவிக்காததற்கு வருத்தமும் தெரிவித்திருக்கிறார்கள். ஏஜென்ட்டின் இன்வாய்ஸ் நகலும் வந்தது. அது பிப்ரவரித் தேதியிட்டது, மார்ச் பட்டியலில் சேரவில்லை. இறுதி பில்லுக்குப் பின் கேட்பதை எதிர்த்து வாதாடியிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பதில்கள் வராமல் விற்பனை நடந்திருக்காது, சொலிசிட்டர் தம் கையிலிருந்து கட்டிய பணமும் அது என்பதால் ஒத்துக்கொண்டேன். நிறுத்திவைப்பு வேலைக்கு 180, ஏஜென்ட்டுக்கு 96, கணக்கும் கோரிக்கையும் ரசீதும் பார்த்தபின் பற்றாக்குறையில் மீதி 112.40 என மொத்தம் 388.40 பவுண்டு கட்டினேன். 500 பவுண்டு வாங்கியவருக்கு விடுவிக்கப்பட்டதாக அவருடைய சொலிசிட்டரிடமிருந்து எழுத்தும் வாங்கியாகிவிட்டது. இனி ஏதாவது வருமா?

வெண்பனி எழுதியது:

வரலாம் அண்ணா, இரண்டு பக்கமும். 2025ஆம் ஆண்டில் ஜனவரி 1 முதல் மார்ச் 28 வரை 87 நாள் ஃபிளாட் உங்களுடையது. அந்த ஆண்டுக் கணக்கு 2026இல் வெளிவந்து பற்றாக்குறை என்றால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, 365இல் 87 பங்கு உங்களைச் சேரும். உபரி என்றால் அதே 87 பங்கு உங்களுக்குத் திரும்ப வரவேண்டும். பற்றாக்குறையைக் கேட்டு எல்லோரும் எழுதுவார்கள், உபரியைச் சொல்ல யாரும் எழுதுவதில்லை. 2026 கோடையில் நீங்களே வாங்கியவரின் சொலிசிட்டருக்கு எழுதி 2025 கணக்கின் நகலைக் கேளுங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிப்புப் பட்டியலை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். முன்பணத்தை எந்தத் தேதி வரை பிரித்தார்கள் என்பதற்கு அதுதான் சான்று.